எந்த வீட்டு வாசலில் கால் தயங்கியது?

நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்திலிருந்து போன மாதம் ஒரு பெண் போனில் பேசினாள். இப்போது அங்கே ஒருங்கிணைப்பாளராக இருக்கிறாளாம். களப்பணியாளர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க மேற்பார்வையாளர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கையேடு தயாரிக்கிறார்களாம். பழைய ஆளான நானும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். “ஆதரவு மேற்பார்வைன்னு தலைப்பு வச்சிருக்கோம் மேடம், அஞ்சு பாயிண்ட் போதும்” என்றாள்.

இப்போது எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். செல்போனில் ஒரு செயலி வந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதில் ஐந்து முகங்கள் வரும், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. பணியாளர் தன் மனநிலைக்கு ஏற்ற முகத்தைத் தொட வேண்டும். யாராவது அழுகிற முகத்தைத் தொட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். இதுவரை இல்லை, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு நானே ஆம்பூருக்குப் பஸ் ஏறிப் போய் அந்த அழுகிற முகத்தைத் தொட்டுவிட்டு வந்திருப்பேன்.

போனை வைக்குமுன் இன்னொன்று சொன்னாள். அலுவலக பீரோவில் என் காலத்து மேற்பார்வைப் பதிவேடு கிடைத்ததாம். அதில் ஒரு பக்கம் அடித்தல் திருத்தல் இல்லாமல் அவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதாம். கையேட்டில் மாதிரிப் பக்கமாகப் போடலாமா என்று கேட்டு, படம் எடுத்து அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பார்த்ததும் அதை அச்சுக்குக் கொடுக்காதே, நான் எழுதித் தருகிறேன், படித்துவிட்டு முடிவு செய் என்று பதில் அனுப்பினேன். அதுதான் இது. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஜெயராணி என்கிற என் பெயரை மட்டும் மாற்றவில்லை.

சமூகப்பணி படித்துவிட்டுக் கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு ஆம்பூரில் வந்து இறங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கல்லூரியில் படித்ததெல்லாம் மூன்று மாதத்தில் தீர்ந்துபோனது. பிறகு தெருதான் பாடம். வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்தோலை ஊசியால் தைக்கிற பெண்கள், தோல் பதனிடும் டிரம்மில் கை மாட்டிக்கொண்டவர்கள், பத்தாவதோடு நின்ற பிள்ளைகள், பதினாறு வயதுக் கல்யாணங்கள் என்று ஒன்று முடிந்தால் ஒன்று வரும். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பஸ் மாறி மாறிப் போவேன். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை முதல் வாரம் குமட்டியது. அப்புறம் புடவையிலேயே அந்த வாடை தங்கிவிட்டதால் வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் சரோஜினி மேடம். குள்ளம், கனத்த உடம்பு, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். வெயிலானாலும் மழையானாலும் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடைதான். கோபம் வந்தால் ஆங்கிலம் வரும். கோபம் அதற்கும் மேலே போனால் பேச்சே வராது, குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அவரைப் பார்த்தால் யாருக்கும் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர் என்று தோன்றாது.

வெள்ளிக்கிழமை களப்பணியாளர்கள் எங்கள் ஐந்து பேருக்கும் களம் கிடையாது. ஆளுக்கு ஒரு மணி நேரம் மேடத்தோடு உட்கார வேண்டும். அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு உண்டு. கையிலிருக்கிற கேஸ் ஃபைல்களை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஃபைலைப் பற்றிப் பேச திங்கட்கிழமைக் கூட்டம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஆளைப் பற்றிப் பேச என்பார். உள்ளே மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் அவரைக்காயைக் கொட்டி வைத்திருப்பார். அவரை கிடைக்காத மாதங்களில் காராமணி, முருங்கைக்கீரை, ஏதோ ஒன்று. எதிரே உட்காரக் கூடாது. பக்கத்தில், இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து, நார் உரித்துக்கொண்டே பேச வேண்டும்.

மேடம் தன் வீட்டுச் சமையலுக்கு ஐந்து பட்டதாரிகளை வைத்திருக்கிறார் என்று நாங்கள் கிண்டலடிப்போம். அந்தக் காய் எதற்கு என்று எனக்குப் புரிய ஒரு வருடமானது. கை வேலையாக இருந்தால் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் பேசாமல் இருந்தாலும் தப்பாகத் தெரியாது. கண்ணில் நீர் வந்தால் காயைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்ளலாம்.

மேடம் கேட்பது ஒரே கேள்விதான். “இந்த வாரம் எந்த வீட்டு வாசல்ல கால் தயங்குச்சு?” எந்த வீட்டிலும் இல்லை என்று சொன்னால், சரி, காயை உரி என்பார். உரிப்போம். எப்படியும் இருபது நிமிடத்தில் ஒரு வீடு வந்துவிடும். அந்த வீட்டுக்குள் நுழையப் பிடிக்காமல் தெருமுனைக் கடையில் நின்று வேண்டாத சோடாவைக் குடித்தது, கதவு பூட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தது, எல்லாம் வெளியே வரும். மேடம் அறிவுரை சொல்ல மாட்டார். கடைசியில் அடுத்த தடவை அங்கே யார் கூட வரணும் என்று மட்டும் கேட்பார். கால் தயங்கிய வீட்டுக்கு அடுத்த முறை தனியாகப் போகக் கூடாது, அது அவருடைய சட்டம். பெரும்பாலும் அவரே குடையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாங்கக் கூட வருவார். பதிவேட்டில் ஒரு வரி கிறுக்குவார்: “ஜெயா. பேரணாம்பட்டு வீடு. நான் போறேன்.” பக்கம் முழுக்கக் காய்ச்சாறு பட்ட கறை இருக்கும்.

அந்தப் பேரணாம்பட்டு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் வேலை செய்கிற ஒரு பெண், மூன்று வயதுக் குழந்தை. மூன்று நாள் காய்ச்சல் என்று நான் போனபோது குழந்தை துவண்டு கிடந்தது. இருவரையும் அழைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். மூன்று நாள் தூங்காதவள், குடியாத்தம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். குழந்தையை நான் மடியில் வாங்கிக்கொண்டேன். பள்ளிகொண்டா வந்தபோது குழந்தையின் உயிர் போய்விட்டது எனக்குத் தெரிந்தது. நான் அவளை எழுப்பவில்லை. வேலூர் பஸ் நிலையம் வரும் வரை, முக்கால் மணி நேரம், ஒரு தோளில் அவளும் மடியில் குழந்தையுமாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நேரம், இடம், எல்லாம் வரிசையாக, முத்து முத்தான எழுத்தில் எழுதினேன். மேடம் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார். “இவ்ளோ அழகா எழுதியிருக்கியே ஜெயா, ஒரு அடித்தல் கூட இல்ல. எனக்கு பயமா இருக்குது, எழுந்து வா” என்றார். அன்று காய் இல்லை. அலுவலகத்தின் பின்னாலிருந்த முருங்கையிலிருந்து நாலு கொத்தை அவரே ஒடித்துக்கொண்டு வந்தார். கீரையை உருவிக்கொண்டே, அறிக்கையில் எழுதாத அந்த முக்கால் மணி நேரத்தைச் சொன்னேன். எழுப்பாதது சரியா தப்பா என்று கேட்டேன். அவர் அடுத்த கொத்தை எடுத்து உருவினார். “அந்த முக்கால் மணி நேரம் அவளுக்குத் தூக்கம் கெடச்சுது. நீதான் ஒண்டியா உக்காந்துனு இருந்திருக்க” என்றார். நான் அழுதேன். உருவிய கீரையெல்லாம் தரையில் கொட்டியது.

மறுநாள் மேடமும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். குழந்தையின் உயிர் எங்கே போனது என்று அந்தத் தாய் கேட்டாள், நானும் உண்மையைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன், ஏனென்றால் பக்கத்தில் ஆள் இருந்தது. அந்த வாரமே நான் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன் என்றால் அந்த நாலு கொத்து முருங்கைக்கீரைதான் காரணம்.

மேடம் ஓய்வு பெற்றபோது அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. விடைபெறும்போது பொன்மொழி எதுவும் சொல்லவில்லை. அறிக்கை அழகா வந்தா சந்தோஷப்படாத என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். சில வருடங்களில் காலமாகிவிட்டார். இனி எழுதப்போவதைப் படிக்க அவர் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் நானும் காய் வாங்கிக்கொண்டுதான் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வந்த ஒருவர் கதவைத் திறந்தார். செய்தித்தாளையும் அவரைக்காயையும் பார்த்துவிட்டு, “இன்னைக்கு சமையல் கிளாஸா மேடம்?” என்று சிரித்தார். தப்பான ஆள் இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. அடுத்த வாரம் நான் காய் கொண்டுபோகவில்லை. மேசை காலியாக இருந்ததால் ஃபைல்கள் அதன்மேல் ஏறின. ஃபைலைப் படிக்க வசதியாக நாற்காலி எதிர்ப்பக்கம் போனது. எந்த வீட்டு வாசலில் கால் தயங்கியது என்ற கேள்வி போய், எத்தனை வீடு முடிந்தது என்ற கேள்வி வந்தது. ஒரு மணி நேரம் இருபது நிமிடமானது. வேலை ஜாஸ்தி, ஆள் கம்மி, படிவங்கள் கூடிக்கொண்டே போயின என்று காரணங்கள் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் முதல் காரணம் அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட வெட்கம்.

மலர்விழி அப்போதுதான் சேர்ந்தாள். குடியாத்தம் பெண், அப்பா நாலு பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிறவர். அவர்கள் குடும்பத்தில் தறியை விட்டு வெளியே வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். சிரித்த முகம். ஒரு வேலை சொன்னால் முடியாது என்ற வார்த்தை வாயில் வராது. அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் தொழிலில் என்ன நடக்குமோ அதுதான் அவளுக்கும் நடந்தது. கஷ்டமான கேஸ் வந்தால் எல்லார் கையும் அவளைத்தான் காட்டும், என் கை முதலில். மலர் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிச் சொல்லி, அவளை யார் பார்த்துக்கொள்வது என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆம்பூரிலிருந்து இருபது நிமிடம் பஸ்ஸில் போனால் ஒரு தெரு, தோல் தொழிலாளர்கள் நிறைந்த தெரு. அங்கே மலர் மாதாமாதம் கூட்டம் போடுவாள். தோல் ஷாப் என்று அங்கே சொல்கிற தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம், யாராவது இறங்கச் சொன்னால் எனக்குப் போன் பண்ணுங்கள் என்று தன் நம்பரை எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தத் தெருவில் ஏழுமலை என்று ஒருவர். ஒரு சின்னத் தோல் ஷாப்பில் வேலை. ஒரு சனிக்கிழமை தொட்டிக்குள் இறங்கினார், விஷவாயு தாக்கி அங்கேயே இறந்துபோனார். மனைவி அமுதா, இரண்டு பெண் குழந்தைகள்.

கேஸை மலரிடம் கொடுத்தேன். அந்தத் தெரு அவளுடையதாயிற்றே. மார்ச்சுவரி வாசலில் அமுதாவோடு நாள் முழுக்க உட்கார்ந்தது அவள்தான். பிறகு வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போனாள், பிள்ளைகளின் பள்ளி, நிவாரண மனு, எல்லாவற்றுக்கும் அலைந்தாள். ஒவ்வொரு வருகைக்கும் அறிக்கை வந்தது. அப்படி ஓர் அறிக்கையை நான் பார்த்ததில்லை. ஓர் அடித்தல் இல்லை, ஓர் எழுத்துப்பிழை இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மற்றவர்களிடம் தூக்கிக் காட்டி, இப்படி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பாராட்டினேன். சரோஜினி மேடம் சொன்னது என் நினைவுக்கு வரவில்லை. எனக்கே நடந்ததும் நினைவுக்கு வரவில்லை.

ஏழுமலை இறந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, மலர் ஃபைலோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மேடம், ஒரு விஷயம் என்று ஆரம்பித்தாள். முதலில் இந்தப் படிவத்தை முடித்துவிடுவோம் என்றேன். முடிப்பதற்குள் அடுத்தவளுடைய நேரம் வந்துவிட்டது. இரண்டாவது வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கும்போதே தலைமை அலுவலகத்திலிருந்து போன். பேசி முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள், பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. பேனாவை மூடிக்கொண்டே, வேற ஒண்ணும் பிரச்சினை இல்லையே மலர் என்று கேட்டேன். இல்ல மேடம் என்றாள். அந்தக் கேள்விக்கு வேறு எந்தப் பதிலைச் சொல்ல முடியும்?

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், பகல் பன்னிரண்டரைக்கு என் போனுக்குப் புது நம்பரிலிருந்து அழைப்பு. ஆம்பூர் பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கிறவர். “இங்க ஒரு பொண்ணு காலைல ஒம்போது மணில இருந்து உக்காந்துனு இருக்குது மேடம். ஏழெட்டு பஸ்ஸு போய்ட்டுது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து போய் படிகிட்ட நின்னுட்டு, திரும்பி வந்து உக்காந்துடுது. இன்னாம்மான்னு கேட்டா பேசல. கழுத்துல இருந்த கார்டுல உங்க நம்பர் போட்டிருந்துச்சு” என்றார்.

ஆட்டோவில் ஓடினேன். சிமெண்ட் பெஞ்சில், பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டீக்கடைக்காரர் வாங்கி வைத்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது. நான் தோளைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்து, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி, “கால் வரல மேடம்” என்றாள். அது அமுதாவின் தெருவுக்குப் போகிற பஸ்.

சரோஜினி மேடத்தின் கேள்வி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று வாரம் என் எதிரே வந்து உட்கார்ந்த பெண்ணிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு, பஸ் நிலையத்தில் பதில் கிடைத்தது.

அவளுடைய அப்பா அன்றே வந்து குடியாத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஒடம்பு சரியாவட்டும் மேடம், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். பத்து நாளில் வேலையை விடுவதாக மலரின் கடிதம் வந்தது. அதிலும் ஓர் அடித்தல் கூட இல்லை.

அமுதாவின் வீட்டுக்கு அதன்பிறகு நான் போக வேண்டியதாயிற்று. அமுதா கூடத்தில் உட்கார்ந்து ஷூத் தோல் தைத்துக்கொண்டிருந்தாள். மலர் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமா மேடம், அது எதுக்கு அப்டி ஆச்சுன்னு?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஒரு மேற்பார்வையாளர் சொல்ல வேண்டிய பதிலா அது?

அமுதா சொன்னாள். இறப்பதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏழுமலை அவள் எதிரிலேயே மலருக்குப் போன் பண்ணியிருக்கிறார். நாளைக்குத் தொட்டிக்குள் இறங்கச் சொல்கிறார்கள், மாட்டேன் என்றால் வேலைக்கு வராதே என்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை நானே வந்து பேசுகிறேன், அதுவரை எப்படியாவது சமாளியுங்கள் அண்ணா என்று மலர் சொல்லியிருக்கிறாள்.

“அந்தப் பொண்ணு வாராவாரம் வந்து என் எதுருல மன்னிப்பு கேக்க வந்த மாதிரியே உக்காந்துனு இருக்கும். எதுக்குன்னு எனக்குத் தெரியும். அதுவே வாயத் தொறந்து சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க போய் சொல்லுங்க மேடம், அது மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு. தப்பு எறக்குனவன் மேலதான். இதுவாவது போன எடுத்துச்சு” என்றாள் அமுதா.

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு குடியாத்தத்துக்குப் போனேன். மலருடைய தெருவில் நுழையும்போதே தறிச்சத்தம் காதை அடைத்தது. அவள் தறிகளுக்கு நடுவே உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவள் அப்பா தறிகளை நிறுத்தப் போனார், வேண்டாம் என்று கை காட்டினாள். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சிக்கெடுத்து வைத்திருந்த நூலைக் கையில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் அப்படியே போனது. கை வேலையாக இருந்தது, முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் அறையில் நடந்திருக்க வேண்டியது அவள் வீட்டில் நடந்தது.

திடீரென்று கரண்ட் போனது. தெரு முழுக்க எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. அமுதா சொன்னதை அப்போது சொன்னேன். மலர் கேட்டுக்கொண்டாள். கையிலிருந்த தாரைக் கூடையில் போட்டாள்.

“அந்தப் போன் வந்தப்ப நான் ஆபீஸ்லதான் இருந்தேன் மேடம். சனிக்கிழமை காலைல மொதல் பஸ்ஸுல போய் அந்த ஷாப்பு மேஸ்திரிகிட்ட பேசிடலாம்னுதான் நெனச்சேன். நீங்க அன்னைக்கு மத்தியானம்தான் சொல்லியிருந்தீங்க, ஆய்வு வருது, சனிக்கிழமை யாரும் களத்துக்குப் போகக் கூடாது, உக்காந்து ஃபைல முடிக்கணும்னு. அதனாலதான் அவருகிட்ட திங்கக்கிழமைன்னு சொன்னேன்.”

நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கதவருகே நின்று, சத்தமாக, யாரும் சாக்குச் சொல்லக் கூடாது என்று வேறு சேர்த்துச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை ஏழுமலை தொட்டிக்குள் இறங்கிய நேரத்தில், மலர்விழி என் மேற்பார்வையில் ஃபைல்களுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அதச் சொல்லத்தான் மூணு வாரம் வந்தேன். சொன்னா உங்க மேல பழி போடற மாதிரி ஆய்டுமோன்னு பேஜாரா இருந்துச்சு. நீங்களா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள்.

மன்னித்துவிடு என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “உங்களுக்கு அந்தப் போன் விஷயம் தெரியாது இல்ல மேடம், நீங்க இன்னா பண்ணுவீங்க” என்றாள். அப்போதும் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. ஆறுதல் சொல்லிச் சொல்லியே உடைந்துபோனவளிடம் போய் நான் இன்னொரு ஆறுதலை வாங்கிக்கொண்டு வந்தேன். கரண்ட் வந்தது, தறிகள் ஓட ஆரம்பித்தன, அவள் அடுத்த தாரை எடுத்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பவில்லை. வேலூரில் ஒரு மருத்துவரிடம் கொஞ்ச காலம் போய்வந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள் என்கிறார்கள். நான் நிர்வாகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன், அந்தச் சனிக்கிழமை உத்தரவு என்னுடையது என்பதையும் சேர்த்து. வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவரைக்காய் வாங்கிக்கொண்டு போனேன். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன், ஃபைலை வெளிப்பெஞ்சுக்கு அனுப்பினேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான் நடந்தது. அந்த வருடங்களில் என்னிடம் வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர், நீங்கள் கேட்டதால்தான் நான் இந்த வேலையில் நிலைத்தேன் என்று சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்களில் யாரும் மலர்விழி இல்லை.

அம்மா ஒருங்கிணைப்பாளரே, நீ கேட்ட ஐந்து பாயிண்ட் என்னிடம் இல்லை. நீ படம் எடுத்து அனுப்பிய பக்கத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அதில் மூன்று வெள்ளிக்கிழமைகளுக்கான பதிவு இருக்கிறது. மூன்றிலும் ஒரே வாசகம்: “மலர்விழி. மேற்பார்வை முடிந்தது. பிரச்சினை ஏதுமில்லை.” கீழே என் கையெழுத்து, அவள் கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை, ஒரு கறை இல்லை. நீ சொன்னது சரி, என் பதிவேட்டிலேயே அழகான பக்கம் அதுதான்.

அதைக் கையேட்டில் போடு. மாதிரி என்று மட்டும் போடாதே. அந்தப் பெண் மூன்று முறை சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை என்று கீழே எழுதிப் போடு. ஆனால் அந்தக் கதை அவளுடையதும்தான், அவளிடம் கேட்காமல் போடக் கூடாது. செயலியில் கேட்காதே, குடியாத்தத்துக்கு நேரில் போய்க் கேள். எனக்கு அந்த வாசலில் இன்னும் கால் தயங்குகிறது. போகிற நாளைச் சொல், நானும் கூட வருகிறேன்.